டிஸ்லெக்சியா அமைப்பு: பெற்றோர், சிறப்புக் கல்வியாளர், தன்னார்வலர் ஆகியோரில் யார் எதை முடிவு செய்வது?

கேள்வி: காவிரிக்கரை (திருச்சி)

வணக்கம். வாசிப்பில் கடுமையாகத் திணறும் குழந்தைகளின் பெற்றோர் சிலரும், அரசு உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர்கள் சிலரும், சிறப்புக் கல்வியாளர்கள் இருவரும் சேர்ந்து எங்கள் ஊரில் ஒரு குழுவாக இயங்கி வருகிறோம். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொள்வதில் தொடங்கிய இது, சனிக்கிழமைகளில் ஒரு பள்ளியின் வகுப்பறையைக் கேட்டு வாங்கி வாசிப்புப் பயிற்சி நடத்தும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அந்தப் பயிற்சியின் பெரும்பகுதியைச் சிறப்புக் கல்வியாளர்கள் சொல்லிக்கொடுத்தபடி கல்லூரி மாணவ மாணவியரே நடத்துகிறார்கள்.

இப்போது இதை முறைப்படி ஓர் அமைப்பாகப் பதிவு செய்ய நினைக்கிறோம். பெயரும் நோக்கமும் எளிதாக முடிவாகிவிட்டன. தலைமை யாரிடம் இருக்க வேண்டும் என்பதில்தான் மூன்று விதமான கருத்துகள் எழுந்துள்ளன. பிள்ளையின் துன்பத்தை அன்றாடம் பார்ப்பவர்கள் நாங்களே என்பதால் செயற்குழுவில் பெற்றோருக்கே பெரும்பான்மை வேண்டும் என்கிறார்கள் பெற்றோர். டிஸ்லெக்சியா என்ற இந்த வாசிப்பு இடர்ப்பாட்டைப் பற்றி முறையாகப் படித்தவர்கள் தலைமையில் இல்லாவிட்டால் அமைப்பு தவறான வழிகளில் இறங்கிவிடும் என்று சிறப்புக் கல்வியாளர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஒவ்வொரு வாரமும் குழந்தைகளோடு உட்காரும் இளைஞர்களையோ யாருமே கருத்துக் கேட்கவில்லை. இதற்கிடையில், சிறப்புக் கல்வியாளர்களில் ஒருவர் தனியாகக் கட்டணப் பயிற்சி மையம் நடத்துவதால், அவர் பொறுப்பில் இருப்பது சரியா என்ற கேள்வியும் முணுமுணுப்பாக உலவுகிறது. அவர் மிகவும் நேர்மையானவர். இந்தப் பேச்சு அவர் காதில் விழுந்து அவர் மனம் வருந்துவதை நான் விரும்பவில்லை.

இப்படிப்பட்ட அமைப்புகளில் இருந்தவர்கள், தலைமைப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறை பற்றித் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும். முதல் ஆண்டில் குழந்தைகளுக்கான பயிற்சியைப் பெருக்குவதா, கல்வித்துறையிடம் உரிமைகளுக்காக வாதாடுவதா என்பதிலும் எங்களுக்குத் தெளிவில்லை.

பதில் 1: கொங்கு ஆசிரியை (சிறப்புக் கல்வியாளர், கோவை)

வணக்கம் சகோதரி. உங்கள் குழுவில் எழுந்திருக்கும் இந்தக் கருத்து வேறுபாடு புதியதன்று. இந்தத் துறையின் வரலாறே பெற்றோர், ஆசிரியர், மருத்துவர் என்ற மூன்று தரப்பும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்த வரலாறுதான். அமெரிக்காவில் சாமுவேல் ஆர்டன் என்ற மருத்துவர் 1925-இல் பள்ளிக் குழந்தைகளின் சொற்குருட்டுத்தன்மை (டிஸ்லெக்சியாவின் அன்றைய பெயர்) பற்றிக் கட்டுரை எழுதினார். ஆனால் அவருடைய சிந்தனையை வகுப்பறையில் பயன்படும் பாடமுறையாக மாற்றியவர்கள் ஆன்னா கில்லிங்காம், பெஸ்ஸி ஸ்டில்மேன் என்ற இரண்டு கல்வியாளர்கள். ஆர்டன் 1948-இல் காலமானார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் ஒரு சங்கம் உருவாகி, அவருடைய மனைவி ஜூன் ஆர்டனின் உழைப்பில் வளர்ந்தது. இன்று உலகம் அறிந்த சர்வதேச டிஸ்லெக்சியா சங்கம் அதுதான். 1997-இல்தான் அந்தப் பெயரை ஏற்றது. பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கமும் 1972-இல் ஆங்காங்கே இயங்கிவந்த உள்ளூர்ச் சங்கங்கள் கைகோத்ததால் பிறந்தது. நம் சென்னையிலும் 1990-களின் தொடக்கத்தில் பெற்றோரும் பொதுநல ஆர்வலர்களும் கூடித்தான் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்தைத் தொடங்கினார்கள்; மும்பையில் 1996-இல் மகாராஷ்டிரா டிஸ்லெக்சியா சங்கம் உருவானதும் ஏறக்குறைய இப்படித்தான்.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது, தலைமை யாருக்கு என்ற கேள்வியை அப்படியே முழுதாகக் கேட்பதே சிக்கலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். எந்த முடிவு யாருடையது என்று பிரித்துக் கேட்டால் சண்டையின் பெரும்பகுதி தணிந்துவிடும். ஒரு குழந்தைக்கு இருப்பது டிஸ்லெக்சியாவா, பார்வை அல்லது செவிப்புலன் குறைபாடா, பள்ளிக்கு ஒழுங்காகப் போகாததால் வந்த பின்தங்கலா என்று சொல்லும் அதிகாரம் பயிற்சி பெற்றவருக்கு மட்டுமே உரியது. எந்தப் பாடமுறையைப் பின்பற்றுவது, எந்த வரிசையில் எழுத்துகளைச் சொல்லித்தருவது, எப்போது ஒரு குழந்தையை உளவியலாளரிடம் அனுப்புவது என்பவையும் அப்படியே. இவற்றைச் செயற்குழுவின் வாக்கெடுப்புக்கு விடவே கூடாது. அமைப்பின் பணத்தை எதற்குச் செலவிடுவது, எந்தக் கோரிக்கையோடு அதிகாரிகளைச் சந்திப்பது, எந்தப் பகுதிக் குழந்தைகளுக்கு முன்னுரிமை தருவது ஆகிய முடிவுகளில் பெற்றோரின் குரலே ஓங்கி ஒலிக்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் அங்கே ஆலோசகர்கள் மட்டுமே. எனவே செயற்குழுவில் பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கட்டும். அதற்குக் கீழே, கல்வி தொடர்பான முடிவுகளில் இறுதிச் சொல் உடைய ஒரு கல்விக்குழுவைத் துணை விதிகளிலேயே எழுதி வையுங்கள். பெற்றோர் நல்லெண்ணத்தோடே, கண் பயிற்சி என்றும் வண்ணக் கண்ணாடி என்றும் எங்கிருந்தோ கேள்விப்பட்டதை அமைப்புக்குள் கொண்டுவருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டிஸ்லெக்சியாவின் வேர் பெரும்பாலும் மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்து அவற்றை எழுத்தோடு இணைப்பதில் உள்ள இடர்ப்பாட்டில் இருக்கிறது. பிள்ளைக்காக எதையும் செய்யத் துடிக்கும் பெற்றோரிடம் அதைச் சொல்லி மறுக்கும் துணிவு, விதி எழுத்தில் இருந்தால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வருகிறது.

தன்னார்வ இளைஞர்களைப் பற்றி. இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரே சிறப்புக் கல்வியாளர் என்று தொழில் செய்ய முடியும்; 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. அதனால் தன்னார்வலர் எவரும் மதிப்பீடு செய்யவோ, பெற்றோரிடம் இந்தக் குழந்தைக்கு டிஸ்லெக்சியா இருக்கிறது என்று சொல்லவோ கூடாது என்பதை முதல் நாளே விளக்கிவிடுங்கள். அவர்கள் செய்யக்கூடியது எதுவும் சிறியதன்று. வகுத்துக் கொடுத்த பாடத்தை, வகுத்துக் கொடுத்த வரிசையில், அதே குழந்தையோடு, வாரந்தோறும் தவறாமல் நடத்துவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். குழந்தை ஒருவரிடம் பழகித் தவறாக வாசிக்கவும் துணியும் நிலைக்கு வரும்போது ஆள் மாறிவிட்டால், அந்தத் துணிவை மறுபடி கட்டுவதற்கு நெடுநாள் ஆகும். ஆகவே ஒரு முழுக் கல்வியாண்டுக்கு உறுதி தருபவர்களை மட்டும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் பாடப்பொருள் தயாரிப்பு, அலுவலகப் பணி போன்றவற்றைக் கொடுங்கள். அவர்களில் இருவரையாவது செயற்குழுவில் வாக்குரிமையோடு அமர்த்துங்கள். எந்தப் பயிற்சி ஏட்டில் குழந்தை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று கல்விக்குழுவைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். குழந்தைகளோடு பழகும் எவரும் தனியறையில் இருக்கலாகாது என்பதையும், போக்சோ சட்டப்படி சந்தேகத்துக்குரிய எதையும் தெரிவிக்க வேண்டிய கடமை தங்களுக்கு உண்டு என்பதையும் அவர்கள் எழுத்தில் பெற்றிருக்க வேண்டும்.

பயிற்சியா, வாதாடலா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இதில் எனக்கு வலுவான கருத்து ஒன்று உண்டு. திருச்சியில் நீங்கள் தொடங்குவதால், தமிழ்வழிக் குழந்தைகளை முன்னிறுத்துங்கள். நம் மாநிலத்தில் டிஸ்லெக்சியா உதவி என்றால் பெரும்பாலும் ஆங்கிலவழிப் பள்ளியும், ஆங்கில வாசிப்புச் சோதனையும், ஆங்கிலப் பாடப்பொருளும் என்றே ஆகிவிட்டது. தமிழ் எழுத்துமுறையின் இடர்ப்பாடுகள் வேறு. கெ, கே, கை ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கொ, கோ ஆகியவற்றில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. உகர ஊகாரக் குறிகள் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகின்றன. காகம், தங்கம், மகன் என்ற மூன்றிலும் ககரம் ஒரே வரிவடிவில் இருந்து வெவ்வேறாக ஒலிக்கிறது. ன, ண, ந வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் எல்லாக் குழந்தைகளுக்குமே கடினம் என்பதால், டிஸ்லெக்சியா உள்ள குழந்தையின் பிழை அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகிறது. தமிழில் எழுத்துக்கூட்டி வாசித்தால் ஓரளவு சரியாகவே வந்துவிடும் என்பதால், பிழையைவிட வேகக்குறைவே முக்கிய அறிகுறியாக அமைவதும் உண்டு. ஆசிரியர் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்கிறார். தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் வெளியிட்ட டாலி என்ற கண்டறியும் கருவித் தொகுப்பு இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில் முதலில் வந்தது. இந்திய மொழிகளுக்கென்று தனித்தனியே கருவி வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு பிந்தி வந்தது என்பதற்கு அந்த ஆண்டே சான்று. தமிழில் படிநிலைப்படுத்திய வாசிப்பு ஏடுகளை உங்கள் அமைப்பு உருவாக்கினால் அது திருச்சியோடு நிற்காது.

பதில் 2: கணக்கு நோட்டு (பட்டயக் கணக்காளர், மதுரை)

சட்டமும் கணக்கும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவு செய்ய ஏழு பேராவது வேண்டும். அறக்கட்டளையாகப் பதிவு செய்வது இதைவிட எளிது. ஆனால் அறங்காவலர்களை மாற்றுவது கடினம் என்பதால், பொறுப்பு கைமாறிக்கொண்டே இருக்க வேண்டிய உங்களைப் போன்ற அமைப்புக்குச் சங்கமே ஏற்றது என்பது என் கருத்து. உறுப்பினர் பொதுக்குழுவும் தேர்தலும் ஆண்டுக் கணக்கும் கட்டாயம் என்பதைச் சிலர் சுமையாக நினைப்பார்கள். உங்கள் சூழ்நிலையில் அதுவே பாதுகாப்பு. ஒரே ஆள் தொடர்ந்து எத்தனை முறை தலைவராக இருக்கலாம் என்ற வரம்பையும் இப்போதே எழுதிவிடுங்கள். பத்தாண்டு கழித்து எழுத முயன்றால் அது யாரோ ஒருவருக்கு எதிரானதாகத் தோன்றும்.

தனியாக மையம் நடத்தும் சிறப்புக் கல்வியாளர் பொறுப்பில் இருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அமைப்பின் பணமோ வசதியோ நிர்வாகிகளின் சொந்த ஆதாயத்துக்குப் போனால் வருமான வரி விலக்கு பறிபோகும் என்பதே வரிச் சட்டத்தின் நிலை. உண்மையான பணிக்கு நியாயமான ஊதியம் தருவதற்குத் தடையில்லை. எனவே அவர் பொறுப்பில் இருக்கலாம். அவருடைய மையத்துக்கும் அமைப்புக்கும் தொடர்புள்ள எந்தப் பொருளிலும் அவர் கூட்டத்திலிருந்து வெளியேறி, வாக்களிக்காமல் இருந்ததை நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிந்தால் போதும். அமைப்புக்கு வரும் குழந்தையைத் தனிப்பயிற்சிக்கு அனுப்ப நேர்ந்தால், ஒரே பெயரைச் சொல்லாமல், மாவட்டத்தில் உள்ள எல்லாப் பதிவு பெற்ற கல்வியாளர்களின் பட்டியலையும் பெற்றோரிடம் கொடுங்கள். இந்த விதியை எல்லா நிர்வாகிகளுக்கும் பொதுவாக எழுதினால் அவர் மனம் நோகாது. இதை அவரையே முன்மொழியச் சொல்லலாம். நேர்மையானவர் என்றால் மகிழ்ந்து முன்மொழிவார்.

இன்னொன்றை அமைப்புகள் பலவும் மறந்துவிடுகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 50-ஆவது பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்த, சங்கப் பதிவோடு கூடத் தனியாகப் பதிவுச் சான்றிதழ் பெற வேண்டும். சனிக்கிழமை வகுப்பு, நிலையான மையமாக மாறும் நாளில் இது தேவைப்படும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: கடல்கடந்த தாய் (நியூ ஜெர்சி)

என் மகனுக்கு டிஸ்லெக்சியா இருப்பது தெரியவந்த காலத்தில் நான் வாழும் நியூ ஜெர்சி மாநிலத்தில் பெற்றோர் இயக்கம் ஒன்று நடந்து முடிந்திருந்தது. அதன் பயனை அனுபவித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். 2011-இல் இங்கே சில தாய்மார்கள் சேர்ந்து டிகோடிங் டிஸ்லெக்சியா என்ற பெயரில் இயங்கத் தொடங்கினார்கள். பிற மாநிலங்களின் பெற்றோரும் அதே பெயரில் தங்கள் ஊரில் கிளைவிட, சில ஆண்டுகளில் ஐம்பது மாநிலங்களிலும் பரவிவிட்டது. அவர்கள் பயிற்சி மையம் எதையும் திறக்கவில்லை. கேட்டவை மிகச் சிலவே: ஆசிரியருக்குப் பயிற்சி, குழந்தையை இளவயதிலேயே கண்டறிதல், சட்டத்தில் டிஸ்லெக்சியாவுக்கான விளக்கம். 2013-இல் குறிப்பிட்ட ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் குறைந்தது 2 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. 2014 சனவரியில், அறிகுறி தென்படும் குழந்தைகளை இரண்டாம் வகுப்பின் முதல் பருவம் முடிவதற்குள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற சட்டமும் வந்தது.

கோவை ஆசிரியை அவர்கள் சொன்ன பிரிவினையை இங்கே வேறொரு வடிவில் கண்டேன். சர்வதேச டிஸ்லெக்சியா சங்கத்தின் கிளைகளைத் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். அவர்களில் பலர் ஆசிரியர்களும் வாசிப்புப் பயிற்றுநர்களும். கருத்தரங்கு, ஆசிரியர் பயிற்சி, ஒரு வாசிப்பு ஆசிரியருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற தரநிலை ஆகியவை அவர்கள் பொறுப்பு. சட்டமன்ற உறுப்பினரைச் சந்திப்பதும், பொது விசாரணையில் பேசுவதும் பெற்றோர் இயக்கத்தின் பொறுப்பு. இரண்டு கூட்டங்களிலும் ஒரே முகங்கள் சிலவற்றைப் பார்க்கலாம். ஆனால் ஒன்றின் வேலையை மற்றது எடுத்துக்கொள்வதில்லை. தாம் பணியாற்றும் பள்ளி நிர்வாகத்துக்கு எதிராக ஆசிரியர் பொதுவெளியில் பேசினால் அவருடைய வேலைக்கே ஆபத்து வரலாம்; பெற்றோருக்கு அந்தத் தடை இல்லை. இதை நீங்கள் பெரிதாக எண்ண வேண்டும். உங்கள் குழுவில் அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் இருப்பதாகச் சொன்னீர்கள். கோரிக்கை மனுவில் அவர்களைக் கையெழுத்திடச் சொல்லி இக்கட்டில் நிறுத்தாதீர்கள். பெற்றோர் கையெழுத்திடட்டும், ஆசிரியர்கள் அந்த மனு உண்மைக்கு மாறாக ஒரு வரிகூடச் சொல்லாதபடி பார்த்துக்கொள்ளட்டும்.

அமெரிக்க நடைமுறை அப்படியே நம் ஊருக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. இங்கே பள்ளி நிதியும் நிர்வாகமும் ஊர்வாரியாகப் பிரிந்திருப்பதால் மாநிலம்தோறும் தனித்தனிப் போராட்டம் தேவைப்பட்டது. இந்தியாவில் நாடு முழுமைக்குமான சட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில், டிஸ்லெக்சியா அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற வகைக்கு இடமே இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகரித்த 21 வகைக் குறைபாடுகளில் அதுவும் ஒன்று. எனவே உங்கள் பெற்றோர் புதிய சட்டம் கேட்க வேண்டியதில்லை, இருப்பதை நடைமுறைப்படுத்தக் கேட்டால் போதும்.

பதில் 4: மெதுவாய் வாசிப்பவன் (சென்னை)

எனக்கு டிஸ்லெக்சியா உண்டு. அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். இதுவரை எழுதிய மூவரும் பெற்றோர், கல்வியாளர், தன்னார்வலர் என்று மூன்று தரப்பைச் சொன்னார்கள். நான்காவது தரப்பு ஒன்று உண்டு என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்: டிஸ்லெக்சியாவோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள்.

மேடையில் ஏற்றி, இவரும் படிக்கச் சிரமப்பட்டார், இன்று வேலைக்குப் போகிறார் என்று காட்டுவதற்காக எங்களை அழைப்பார்கள். பெற்றோருக்கு அது ஆறுதல் தரும் என்பதால் நானும் மறுப்பதில்லை. ஆனால் செயற்குழுவில் உட்காரும் வேலைக்கும் எங்களை அழையுங்கள். வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லும்போது ஒரு குழந்தை ஏன் வயிற்றுவலி என்று பொய் சொல்கிறது, வீட்டில் எல்லோரும் உதவுவதாக நினைத்துச் செய்யும் எந்தக் காரியம் உண்மையில் கூச உணர்வை வளர்க்கிறது, தேர்வில் நாம் சொல்வதை எழுத வருபவர் அறிமுகமில்லாதவராக இருந்தால் தெரிந்த விடையும் எப்படி வாய்க்கு வராமல் போகிறது என்பவற்றை எந்தப் பயிற்சியும் சொல்லித்தராது. பள்ளியில் நான் படித்த காலத்தில் என் வகுப்பாசிரியருக்கு இந்தச் சொல்லே தெரியாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுப்பதற்கு உங்களைப் போன்ற அமைப்புதான் வேண்டும்.

எங்களைக் குழுவில் சேர்த்தால், கூட்டம் நடத்தும் முறையிலும் சில மாற்றங்கள் வேண்டியிருக்கும். நீண்ட தீர்மான வரைவைக் கூட்டத்தில் கையில் கொடுத்து உடனே கருத்துக் கேட்காமல், சில நாள் முன்பே குரல்பதிவாகவோ, கைபேசி படித்துக்காட்டக்கூடிய கோப்பாகவோ அனுப்புங்கள். படமாக எடுத்து அனுப்பினால் கைபேசியால் படித்துக்காட்ட முடியாமல் போகலாம். டிஸ்லெக்சியா மரபுவழியிலும் வருவது என்பதால், உங்கள் பெற்றோரிலேயே சிலருக்கு அது இருக்கக்கூடும், அவர்கள் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். குரல்பதிவு அவர்களுக்கும் உதவும்.

குழந்தைகளின் படங்களை அமைப்பின் பக்கத்தில் போடுவது பற்றியும் ஒரு வேண்டுகோள். பெற்றோர் சம்மதித்தாலும், பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொள்வான் என்பதை நினைத்து, முகம் தெரியாதபடி போடுங்கள், அல்லது போடாமலே விடுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: காவிரிக்கரை

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களைக் குழுவில் வாசித்தோம். மெதுவாய் வாசிப்பவன் ஐயாவின் சொல்லை ஏற்று, குரல்பதிவாகவும் அனுப்பினேன். அதைக் கேட்ட ஒரு தந்தை, தமக்கும் இதே இடர்ப்பாடு சிறுவயதிலிருந்து உண்டு என்று எங்களிடம் முதன்முறையாகச் சொன்னார். அவர் இப்போது செயற்குழுவில் இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். சங்கமாகப் பதிவு செய்வது, பெற்றோர் பெரும்பான்மையோடு செயற்குழு அமைப்பது, தனியாகக் கல்விக்குழு அமைப்பது என்ற வரைக்கும் உடன்பாடு வந்துவிட்டது. வாக்களிக்காமல் விலகும் விதியை, மையம் நடத்தும் கல்வியாளரே முன்மொழிவதாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு சந்தேகங்கள் மிஞ்சுகின்றன. இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கேளுங்கள் என்றார் நியூ ஜெர்சிச் சகோதரி. அப்படியானால் முதல் கோரிக்கையாக எதை, யாரிடம் வைப்பது? பள்ளிகளுக்குள் நாங்கள் போக அனுமதி கேட்பதா, ஆசிரியர்களை எங்களிடம் வரச் சொல்வதா?

பதில் 5: கொங்கு ஆசிரியை

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, குழந்தைகளின் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து, பொருத்தமான கற்பித்தல் நடவடிக்கை எடுக்கும் கடமையைக் கல்வி நிறுவனங்கள் மீது சுமத்துகிறது. 17-ஆவது பிரிவு கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு போன்ற தேர்வு மாற்றங்களைச் சொல்கிறது. இந்த இரண்டில் முதலாவது பெரியது, நெடுங்காலம் பிடிக்கும். இரண்டாவதில் உடனே பயன் கிடைக்கும் என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள். பத்தாம் வகுப்பின் பாதியில்தான் பல குடும்பங்கள் தேர்வுச் சலுகைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதையே அறிகின்றன. அதற்குப் பிறகு மருத்துவமனை, மதிப்பீடு, சான்றிதழ், யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை என்று அலைந்து காலம் கடந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்திலேயே எல்லாப் பள்ளிகளும் பெற்றோருக்கு இதைத் தெரிவிக்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு முதன்மைக் கல்வி அலுவலரைப் பாருங்கள். மனுவின் படியை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் கொடுங்கள். பணச்செலவு இல்லாத கோரிக்கை என்பதால் மறுப்பதற்குக் காரணம் குறைவு. பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடும் வழியைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது.

சான்றிதழ் பற்றி ஒரு சொல். மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், எட்டு வயது நிரம்பிய பிறகே கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு என்றும் வகுத்தன. 2024-இல் வழிகாட்டுதல்கள் திருத்தப்பட்டிருப்பதால், பெற்றோருக்குக் கையேடு தயாரிக்கும் முன் புதிய அரசிதழைப் படித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எட்டு வயது வரை சான்றிதழ் இல்லை என்பதற்காக எட்டு வயது வரை உதவியும் இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுத்தும் ஒலியும் இணையாமல் திணறும் ஆறு வயதுக் குழந்தைக்குச் சான்றிதழ் எதுவும் இல்லாமலேயே பயிற்சியைத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடந்து வருகிறது. அந்த வகுப்பிலும் முன்னேறாமல் நிற்கும் குழந்தைகள் யார் என்று அந்த ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர்களிடம் புதிய படிவம் எதையும் திணிக்காமல், அந்தப் பெயர்களை மட்டும் கேளுங்கள்.

பள்ளிக்குள் செல்வது பற்றிக் கேட்டீர்கள். வட்டார வள மையங்களில் பணிபுரியும் சிறப்பாசிரியர்களைத்தான் முதலில் சந்திக்க வேண்டும். ஒவ்வொருவரும் பல பள்ளிகளையும் பல வகைக் குறைபாடுகளையும் ஒருசேரப் பார்த்துக்கொள்பவர்கள். டிஸ்லெக்சியாவுக்கென்று அவர்களால் ஒதுக்க முடிகிற நேரம் மிகக் குறைவு. உங்கள் அமைப்பு அவர்களுக்குப் போட்டியாகவோ, குறை சொல்ல வந்ததாகவோ தோன்றிவிட்டால் பள்ளிக் கதவு மூடிக்கொள்ளும். உங்கள் தமிழ் வாசிப்பு ஏடுகளையும், பயிற்சி பெற்ற தன்னார்வலர் இருவரையும் அவர்களுடைய பொறுப்பில் ஒப்படைத்து, ஒரே ஒரு பள்ளியில் ஒரு கல்வியாண்டு நடத்திப் பாருங்கள். மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து, பள்ளிக்குள்ளேயே ரிசோர்ஸ் ரூம் என்ற தனிப்பயிற்சி அறை அமைக்கும் முறையைப் பின்பற்றுகிறது. அவர்களுடைய அனன்யா மையத்தில் குழந்தைகள் சில காலம் முழுநேரமும் பயின்று மீண்டும் பொதுப்பள்ளிக்குத் திரும்புகிறார்கள். இந்த இரண்டையும் கல்விக்குழு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், திருச்சிக்கு எது பொருந்தும் என்று தெளிவாக முடிவு செய்யலாம். முழுநேர மையத்துக்கு இடமும் ஊதியமும் வேண்டும். பள்ளி அறைக்கு ஒரு மேசையும், தலைமையாசிரியரின் சம்மதமும், கால அட்டவணையில் ஒரு பாடவேளையும் போதும் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்று உங்களுக்கே விளங்கும்.

முதன்மைக் கல்வி அலுவலருக்கான மனுவின் வரைவை எழுதியதும் இங்கே பதிவிடுங்கள். பள்ளி, குழந்தை, ஆசிரியர் எவருடைய பெயரும் அதில் வேண்டாம். சட்டப் பிரிவுகளை நான் சரிபார்த்துத் தருகிறேன். மதுரை ஐயாவும் ஒருமுறை பார்த்தால் நன்று.